சின்னம்மாவின் மறதியும் யாழ்ப்பாணத்து மனநல கிளினிக்கும்

ரொறன்ரோவிலிருந்து இம்முறை யாழ்ப்பாணம் போனபோது, சின்னம்மாவின் ஞாபகமறதிக்கு வைத்தியம் பார்ப்பதே முதல் வேலையாயிற்று. தனியார் சிகிச்சை நிலையமொன்றில், ஆறுதலாக நாலு கேள்வி கேட்பதற்கு முன்பே மூளை ஸ்கானுக்குத் துண்டு எழுதினார்கள்; வயதுக்குரிய மாற்றமே என்ற அறிக்கையோடும் கனத்த பில்லோடும் வெளியே வந்தோம்.

அரசாங்க வைத்தியசாலையின் மனநல கிளினிக்கில் விடியவே போய் நம்பர் எடுத்துக் காத்திருக்க வேண்டியிருந்தாலும், உள்ளே கிடைத்த கவனம் வேறு தரமானது. வைத்தியர் முதலில் மருந்துப் பையை மேசையில் கொட்டி, மூட்டுவலிக்கென்று பலர் பார்மசியில் வாங்கி விழுங்கும் பிரெட்னிசொலோன் இருக்கிறதா என்று தேடினார். மன அழுத்தத்தின்போது உடல் சுரக்கும் கோர்ட்டிசோல் என்ற ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் அந்த மாத்திரை மனநிலையையும் ஞாபகத்தையும் குழப்பக்கூடியது. அது இல்லை. பிறகு, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். “தெரியாது தம்பி” என்று சின்னம்மா யோசிக்காமலே சொன்னார். முதுமை மறதி உள்ளவர்கள் பெரும்பாலும் எதையாவது சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பார்கள், மனச்சோர்வில் இருப்பவர்களே இப்படி முயலாமல் விட்டுவிடுவார்கள் என்றும், ஆனாலும் இதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்றும் அவர் விளக்கினார். சித்தப்பா இறந்ததிலிருந்து சின்னம்மா விடிய மூன்று மணிக்கே எழும்பிவிடுகிறார் என்பது அப்போதுதான் பேச்சில் வந்தது; அதுவும் மனச்சோர்வையே சுட்டியது.

கடும் மனச்சோர்வில் பலருக்குச் சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனல் சுரப்பிகள் கோர்ட்டிசோலை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. போதும் என்று கோர்ட்டிசோல் மூளைக்குத் தரும் சமிக்ஞை சரிவரப் பலிப்பதில்லை. புதிய நினைவுகளைப் பதிக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் இந்த ஹார்மோனுக்கான ஏற்பிகள் செறிந்திருப்பதால் பாதிப்பு அங்கே தெரிகிறது. கோர்ட்டிசோல் மிகையாகும் குஷிங் நோயில் சுருங்கிய அப்பகுதி, சிகிச்சைக்குப் பின் ஓரளவு மீள்வதை 1999இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. போர் கண்ட ஊராகையால் கொடிய அனுபவங்களுக்குப் பின் வரும் மனவடு நோயைப் (PTSD) பற்றியும் கேட்டேன். அதில் கோர்ட்டிசோல் பலருக்குச் சாதாரணமாகவோ குறைவாகவோகூட இருக்குமாம். வியட்நாம் போர்வீரர்களையும் போருக்குப் போகாத அவர்களது ஒத்த இரட்டையரையும் ஒப்பிட்ட 2002ஆம் ஆண்டு ஆய்வில், கடும் மனவடு உள்ளவர்களுக்கு மட்டுமன்றி அவர்களது சகோதரர்களுக்கும் ஹிப்போகாம்பஸ் சிறிதாகவே இருந்தது. ஆகவே பழி முழுவதையும் ஹார்மோனின் தலையில் கட்டிவிட முடியாது.

மருந்து இலவசமாகவே கிடைத்தது. குறையென்றால், அடுத்த நோயாளி முதுகுக்குப் பின்னால் நிற்கத்தான் துக்கத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. உளவளத்துணையாளரிடம் அடுத்த மாதத்துக்கே திகதி கிடைத்தது. போகிறவர்கள் பாவிக்கும் மருந்துகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு, நோயாளியின் நித்திரையை அறிந்த வீட்டார் ஒருவரையும் கூட்டிச் செல்வது நல்லது. எங்களுக்கு ஸ்கானைவிட அதுவே உதவியது.