ஸ்டேடியத்துக்கு காசு யாரு கொடுக்கணும்: நார்த்வெஸ்டர்னா, பெர்க்லியா?

அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல ஸ்டேடியம் செலவுன்னு பேச்சு வந்தாலே எனக்கு ரெண்டு யூனிவர்சிட்டிதான் ஞாபகம் வரும்: கலிஃபோர்னியாவுல இருக்கற பெர்க்லி, சிகாகோ பக்கத்துல இருக்கற நார்த்வெஸ்டர்ன். பெர்க்லில 1923ல கட்டின மெமோரியல் ஸ்டேடியம், அது பூகம்பப் பிளவு மேலயே நிக்குது, அதனால சும்மா விடவும் முடியாது, முந்நூறு மில்லியன் டாலருக்கு மேல கொட்டி சரிபண்ணி 2012ல திறந்தாங்க. பெரும்பாலும் கடன். நல்ல சீட்டுகளை பல வருஷத்துக்கு மொத்தமா வித்து அடைச்சிடலாம்னு கணக்கு போட்டாங்க, ஆனா நினைச்ச அளவு விக்கல, கடைசில யூனிவர்சிட்டி தலையில விழுந்துச்சு. மேட்சே பாக்காத மாணவனுக்கும் அது பாரம்தானே?

நார்த்வெஸ்டர்ன்ல கதை வேற. அங்க படிச்ச தொழிலதிபர் பேட் ரயனோட குடும்பம் பெரிய நன்கொடை கொடுத்துச்சு, 1926ல வந்த பழைய ஸ்டேடியத்தை இடிச்சு 800 மில்லியனுக்கு மேல செலவுல புதுசு. கடன் பயம் கம்மி, அது பெரிய நிம்மதி. ஆனா 47,000 சீட் இருந்த இடத்துல புதுசுல 35,000தான், சீட் குறைஞ்சா டிக்கெட் விலை ஏறத்தானே செய்யும், குடும்பத்தோட வர்ற சாதாரண ரசிகன் எங்க போவான்?

என்னைக் கேட்டா நார்த்வெஸ்டர்ன் வழிதான் மேல், ஆனா மாணவர்களுக்கும் பழைய சீசன் டிக்கெட்காரங்களுக்கும் கம்மி விலைல ஒரு பகுதியை கண்டிப்பா ஒதுக்கணும்.