கடைசல் பேனா கிட்கள்: இருப்பதில் எது தேறும், இன்னும் எது வரவேண்டும்

முக்கால் அங்குலச் சதுரத்தில் ஐந்து அங்குல நீள மரக்கட்டை ஒன்று. கூடவே கிட் எனப்படும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பை, அதற்குள் பித்தளைக் குழாய், முனை, ரீஃபிலை வெளியே தள்ளி உள்ளே இழுக்கும் மெக்கானிசம், கிளிப், மேல்கொண்டை. லேத்தில் பொழுதுபோக்காகப் பேனா கடைபவருக்கு இவ்வளவுதான் மூலப்பொருள். எந்த மரம், எந்த வடிவம், எவ்வளவு மெருகு என்பதெல்லாம் நம் கையில் இருக்கிறது. பைக்குள் இருப்பதை மட்டும் வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். ஃபிலடெல்ஃபியாவின் பென் ஸ்டேட் இண்டஸ்ட்ரீஸ், யூட்டாவின் கிராஃப்ட் சப்ளைஸ், ஒஹாயோவின் பெரியா ஹார்ட்வுட்ஸ் ஆகியவை இந்தச் சந்தையில் நெடுநாள் பெயர்கள். புதுசு என்று சந்தைக்கு வருவதில் பாதி அலங்காரம்தான். கிளிப்பில் டிராகன், மூடியில் மண்டையோடு, தோட்டா போன்ற முனை என்று போகிறது. எழுதும்போது விரல் படும் இடம் அப்படியேதான் இருக்கிறது. அந்த இடத்தை வைத்தே இங்கே கிட்களை எடைபோட்டிருக்கிறோம்.

முதலில் ஸ்லிம்லைன். கடைசல் பழகுபவர்கள் பெரும்பாலும் தொடங்குவது இதில்தான். கிட்டின் விலை சில டாலர். டிரில் பிட்டும் ஒன்றே போதும், 7 மி.மீ. மரத்தைத் துளைத்து உள்ளே ஒட்டும் இரண்டு குழாய்கள், நடுவில் ஒரு வளையம், கிராஸ் கம்பெனி வகை ரீஃபில், திருகினால் முனை வெளியே வரும். பழகுவதற்கு இதைவிட நல்ல கிட் கிடையாது. விற்பதற்கோ பரிசளிப்பதற்கோ என்றால் யோசிக்க வேண்டும்.

சிக்கல் மரத்தின் கனத்தில் தொடங்குகிறது. முனையும் வளையமும் அவ்வளவு ஒல்லி என்பதால், அவற்றோடு சமமாகக் கடைந்து முடிக்கும்போது குழாயின் மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மரமே மிஞ்சும். தேக்கு தாங்கும். கருங்காலி தாங்காது. துளையிடும் சூட்டிலேயே அதில் மயிரிழை விரிசல் விழுந்துவிடும். மெருகு போட்டு முடித்த ஒரு மாதத்தில்தான் அது கண்ணில் படும். கருங்காலியில் செய்தே ஆகவேண்டுமென்றால் லேத்தை மெதுவாக ஓட்டி, பத்து மில்லிமீட்டருக்கு ஒருமுறை பிட்டை வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிட்டு, பிட் ஆறியபின் தொடருங்கள். குழாய் ஒட்ட ஃபெவிக்விக் மாதிரியான உடனடிப் பசை வேண்டாம். அது இறுகியதும் கண்ணாடிபோல் ஆகிவிடும், மரம் சுருங்கும்போது துளியும் விட்டுக்கொடுக்காது. எபாக்சிப் பசை கொஞ்சம் நெகிழும். உப்புத்தாள் தேய்க்கும்போதும் இதே எச்சரிக்கைதான். கட்டையை விரலால் தொட்டால் சுடுகிறதென்றால் ஏற்கெனவே தாமதம்.

இரண்டாவது சிக்கல் மெக்கானிசத்தை அழுத்துவது. கீழ்க்குழாயின் ஒரு பக்கம் முனையை அழுத்தி ஏற்றுகிறோம். மறுபக்கம் மெக்கானிசத்தின் பித்தளைப் பக்கத்தை உள்ளே விடுகிறோம். எவ்வளவு உள்ளே போகவேண்டும் என்பதற்கு மெக்கானிசத்தில் ஒரு கோடு மட்டுமே அடையாளம், தடுத்து நிறுத்த எதுவும் கிடையாது. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக அழுத்திவிட்டால் ரீஃபில் முனை உள்ளே போகாமல் சட்டைப்பையில் மை பூசும். வெளியே எடுக்க வேண்டுமென்றால் உள்ளிருந்து கம்பி வைத்துத் தட்டவேண்டும், அதில் மெக்கானிசம் பிழைப்பது அரிது. ஆகவே கோட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்பே நிறுத்தி, ரீஃபிலைத் திருகிப் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவதே பாதுகாப்பு. கட்டையின் முனையைச் சீவும்போது குழாயும் சேர்ந்து குறைந்துபோயிருந்தால், இதே ஏற்பாடு நமக்குச் சாதகம்: அந்த அளவுக்குக் குறைவாக அழுத்தினால் சரியாகிவிடும். கிளிக் வகையிலும் போல்ட் வகையிலும் இந்தச் சலுகை இல்லை. நாம் கேட்பது மரை வைத்த மெக்கானிசம். குழாய்க்குள் மரை வெட்டிய ஒரு சிறு குழலை ஒட்டிவிட்டு, மெக்கானிசத்தைத் திருகி ஆழத்தைச் சரிசெய்ய முடிந்தால் போதும், பாதிப் பேனா வீணாவது நிற்கும்.

இன்னொரு ஆசையும் உண்டு. ஸ்லிம்லைனில் மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே கட்டையிலிருந்து வெட்டியவை. ரேகை ஓட்டம் பொருந்தும்படி பார்த்துப் பார்த்துக் கோக்கிறோம். ஒருமுறை திருகினால் அந்தப் பொருத்தம் போயிற்று. எழுதும் நிலையில் ஒரு சின்ன ‘டக்’ கொடுத்து, ரேகை சேரும் இடத்தில் நிற்கும் மெக்கானிசம் கேட்டால் பெரிய கோரிக்கை என்று தோன்றலாம். உள்ளே ஒரு பள்ளமும் ஒரு வில்லும்தான் தேவை. மேல்பாதி பிடிமானம் உராய்வில் மட்டும் நிற்பதால் நாளாவட்டத்தில் தளர்ந்து கழன்று வருவதற்கும் அதுவே மருந்து.

சிகார் கிட் கொஞ்சம் பருமன். 10 மி.மீ. பிட், பார்க்கர் வகை ரீஃபில். எந்த ஊர் ஸ்டேஷனரிக் கடையிலும் ரீஃபில் கிடைக்கும் என்பதே இதற்குப் பாதி மதிப்பெண் வாங்கித் தருகிறது. மரம் கனமாக நிற்கிறது, கை பெரிதாக இருப்பவர்களுக்கு வசதி. ஆனால் இதன் இரண்டு குழாய்களும் ஒரே நீளமல்ல, நான்கு முனைகளுக்கும் நான்கு வேறு விட்டத்தில் புஷ், அதாவது எந்த அளவுக்குக் கடையவேண்டும் என்று காட்ட லேத்தில் கட்டையின் இருபுறமும் மாட்டும் உலோக வளையம். ஒன்றை மாற்றி மாட்டினால் கடைசலெல்லாம் முடிந்து கோக்கும்போதுதான் தெரியும், மரம் வளையத்துக்கு வெளியே பிதுங்கி நிற்கும் அல்லது உள்ளே பதுங்கும். புஷ்களில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கோடு போட்டு அனுப்பினால் தயாரிப்பாளருக்கு என்ன செலவாகிவிடும்? அதுவரை நாமே அரத்தால் கீறிக்கொள்ளலாம்.

சியராவை ஒற்றைக்குழாய் வகையின் பிரதிநிதியாக எடுத்துக்கொள்ளலாம். மேல்பாதி மட்டும் மரம், கீழ்பாதி முழுக்க உலோகம். ரேகை அறுபடாமல் ஒரே ஓட்டமாகத் தெரியும். வேலையும் பாதி, வேகமாக முடிந்துவிடும். சந்தையில் அதிகம் விற்பனையாகும் பேனா செய்ய விரும்பும் பலர் இதில் வந்து நிற்பது நியாயமே. குறை இரண்டு. பிட் அளவு 27/64 அங்குலம், அதாவது 10.7 மி.மீ. சுமார். அரை மில்லிமீட்டர் ஏறுவரிசையில் பிட் விற்கும் நம் ஹார்ட்வேர் கடைகளில் 10.5 கிடைக்கும், 11 கிடைக்கும். 10.5-இல் குழாய் நுழைந்தாலும் பசைக்கு இடமிருக்காது, 11-இல் ஆடும். ஆடும் துளையில் எபாக்சியை நிரப்பித் தப்பிக்கலாம் என்றாலும் குழாய் நடுவில் நிற்காமல் சாய்ந்தால் ஒரு பக்கம் மரம் மெலிந்துபோகும். மெட்ரிக் அளவில் குழாய் செய்வதில் என்ன தடை என்று புரியவில்லை. இரண்டாவது குறை நேரடியாகக் கையில் தெரிவது: பிடிக்கும் இடம் முழுக்கப் பளபளப்பு உலோகம். மே மாதச் சென்னையில் அரைப்பக்கம் எழுதுவதற்குள் விரல் வழுக்கி முனைவரை இறங்கிவிடும். வரிவரியாகப் பள்ளம் வெட்டினாலோ, மேட் பூச்சு கொடுத்தாலோ போதும். அந்தக் கீழ்பாதியையும் மரம் போர்த்தும் வகையில் குழாயாகவே கொடுத்தால் இன்னும் நல்லது.

போல்ட் ஆக்‌ஷன் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. துப்பாக்கியின் போல்ட்டைப் போலத் தள்ளித் திருப்பும் அமைப்பு, 3/8 அங்குல பிட், பார்க்கர் ரீஃபில். மெக்கானிசம் உறுதியானது, விளையாட்டுப் பொருள்போல எல்லோர் கையும் தேடும். குழாயின் நீளத்தைச் சீவும்போது குறைக்காதீர்கள், அவ்வளவுதான். பித்தளை பளிச்சென்று தெரிந்த கணத்தில் நிறுத்துங்கள்.

இனி மைப் பேனா கிட்கள். விலையும் அதிகம், மனத்தாங்கலும் அதிகம். ஜூனியர் ஜென்டில்மேன் என்று அறியப்படும் வகையை எடுத்துக்கொண்டால் மூடிக்கு 12.5, உடலுக்கு 10.5 மி.மீ. பிட். வடிவம் கம்பீரமானது. திறந்து கையில் பிடித்தால் ஆள்காட்டி விரலுக்கடியில் ஒரு படி தட்டுப்படும், பிடியும் உடலும் சேரும் இடத்தில். கிட் பேனாவின் சாபம் இது. காரணம் எளிது: உடலில் பித்தளைக் குழாய், அதன் மேல் மரம், இரண்டும் சேர்ந்த கனம். பிடி மூடிக்குள் போகவேண்டும், மூடியிலும் அதே இரட்டைக் கனம். ஆகவே பிடி ஒல்லியாகிறது, உடல் பருக்கிறது, நடுவே மரைவளையம் ஒரு திண்ணைபோல நிற்கிறது. திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் கடையும் எபோனைட் (கடின ரப்பர்) பேனாவில் இந்தப் படி உறுத்தாது. அங்கே பித்தளைக் குழாயே கிடையாது. மரையை எபோனைட்டிலேயே வெட்டுகிறார்கள். கிட்டில் அது முடியாது என்றாலும், மரையைப் பிடியின் முன்பக்கம், நிப்புக்கு அருகே கொண்டுபோனால் படி விரலிலிருந்து விலகும். இதற்குப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கம்பெனிப் பேனாக்களில் ஏற்கெனவே இருக்கும் ஏற்பாடுதான்.

அடுத்து மை காய்தல். இரண்டு நாள் மூடி வைத்துவிட்டு எடுத்தால் எழுதாத கிட் பேனாவுக்கு நிப்பைக் குறைசொல்வது வழக்கம். பெரும்பாலும் குற்றவாளி மூடி. உள்மூடி என்ற ஒன்று பல கிட்களில் இல்லை. கிளிப் வளையம், கொண்டை, குழாய் மூன்றும் சேரும் இடத்தில் காற்று கசிகிறது. சோதிக்க ஒரு வழி: கோத்து முடித்த மூடியின் திறந்த வாயை உதட்டில் வைத்து ஊதுங்கள். காற்று கொண்டைப் பக்கம் வெளியேறினால் மையும் அந்த வழியேதான் காயப்போகிறது. கொண்டையை அழுத்துமுன் அதன் அடியில் துளி எபாக்சி விட்டால் கசிவு பெரும்பாலும் அடைபடும். மூடிக்குள் காலியிடம் அதிகமிருப்பதை அதனால் குறைக்க முடியாது. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உள்மூடி பைக்குள் சேர்ந்து வந்தால், அந்த ஒன்றுக்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம்.

நிப்பில் பிரச்சினை வேறு மாதிரி. ‘இரிடியம் பாயின்ட் ஜெர்மனி’ என்று பொறித்த பொதுவகை நிப் எழுதும், மோசமில்லை, அதிர்ஷ்டமிருந்தால் நன்றாகவே எழுதும். அதை மாற்றி போக் அல்லது யோவோ நிப் போட நினைப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். இரண்டும் ஜெர்மன் கம்பெனிகள், ஐந்தாம் எண், ஆறாம் எண் என்று அளவும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் நிப்பைத் தாங்கும் கூட்டின் மரை ஒன்றுக்கொன்று பொருந்தாது. கிட் விளக்கத்தில் ‘ஐந்தாம் எண் நிப்’ என்று மட்டும் போட்டால் பாதித் தகவல். எந்தக் கம்பெனிக் கூட்டுக்கு ஏற்ற மரை என்று ஒரு வரி சேர்த்தால் தவறான நிப் வாங்கித் திருப்பி அனுப்பும் வேலை மிச்சம். மையை உறிஞ்சி நிரப்பும் கன்வெர்ட்டர் விஷயத்தில் இந்தத் தலைவலி குறைவு. சர்வதேச அளவு என்றிருந்தால் ஷ்மிட் கே5 கன்வெர்ட்டர் போய் உட்கார்ந்துவிடும்.

முலாம் பற்றிச் சொல்லாமல் கிட் விமர்சனம் முடியாது. 24 காரட் தங்க முலாம் பையில் இருக்கும்போது கண்ணைப் பறிக்கும். தினமும் எழுதும் கையில் சீக்கிரமே வெளிறி அடிப்பித்தளை எட்டிப்பார்க்கும். கிளிப்பிலும் மூடி விளிம்பிலும்தான் முதலில் தேயும். தங்க நிறம் வேண்டுமென்றால் டைட்டானியம் நைட்ரைடு பூசியதைக் கேட்டு வாங்குங்கள். நிறம் சற்று மங்கல்தான், ஆனால் உழைக்கும். வெள்ளி நிறத்தில் குரோமும் ரோடியமும் நம்பகமானவை. கறுப்பில் கவனம் தேவை: டைட்டானியம் பூச்சு வேறு, கறுப்பு எனாமல் வேறு. எனாமல் சாவிக்கொத்தோடு ஒரு வாரம் இருந்தால் செதில்செதிலாக உதிரும். எல்லாவற்றையும்விட நாம் வேண்டுவது முலாமே இல்லாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாகங்கள். கீறல் விழுந்தாலும் தேய்த்தால் போய்விடும்.

புஷ் கணக்கு ஒன்று பாக்கி. ஒவ்வொரு கிட்டுக்கும் தனி புஷ் என்பதால் இரண்டு வருடத்தில் இழுப்பறை நிறைந்துவிடும், எது எதற்கு என்பதும் மறந்துவிடும். போதாததற்கு, உப்புத்தாள் ஒவ்வொரு முறையும் மரத்தோடு புஷ்ஷையும் கொஞ்சம் தின்கிறது. ஒரே கிட்டின் பாகங்களும் தொகுதிக்குத் தொகுதி சற்றே மாறும். அதனால் புஷ்ஷை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, கடைசி இரண்டு சுற்றில் வெர்னியரால் கிட் பாகத்தையே அளந்து அந்த அளவுக்குக் கடையுங்கள். குழாயின் வெளிவிட்டம், நீளம், பிட் அளவு, ஒவ்வொரு வளையத்தின் விட்டம் ஆகியவற்றைத் தயாரிப்பாளரே மில்லிமீட்டரில் பையின் மேல் அச்சடித்துத் தரலாம். இப்போது அங்கே இருப்பது பெரும்பாலும் பேனாவின் பெயரும் முலாமின் பெயரும்.

கடைசியாக, அரை கிட். மரையை நேரடியாகக் கட்டையில் வெட்டத் துணிந்தவர்களுக்குத் தேவை பிடியும் நிப்பும் கிளிப்பும் மட்டுமே. பிடிக்கு 10 மி.மீ., 1 மி.மீ. இடைவெளி மரை, மூடிக்கு 13 மி.மீ.யில் மூன்று தொடக்கம் உள்ள, அதாவது மூன்று இழைகள் பக்கம் பக்கமாக ஓடும் மரை. கிட் இல்லாமல் பேனா செய்பவர்கள் பலரும் பழகிய அளவுகள் இவை. இதே அளவில் பிடியையும் நிப்பையும் கிளிப்பையும் ஒரு பையில் போட்டு, குழாயும் வளையமும் நீங்கலாக விற்றால், எபோனைட் கட்டையும் அக்ரிலிக் கட்டையும் வைத்திருப்பவர் அதைத்தான் முதலில் எடுப்பார். மரத்துக்கு இது சரிவராது, மென்மையான மரத்தில் மரை நிற்காமல் பொடிந்துவிடும். ஈட்டி மரத்தில்கூட மரையைப் பசை ஊட்டி இறுக்காவிட்டால் நாலைந்து முறை திறப்பதற்குள் தேய்ந்துவிடும்.