"கோடிங்கோட டிகிரியும் முடிச்சுத் தர்றோம்" என்று சொன்னால், முதலில் ரசீதைப் பாருங்கள்

மெடிக்கல் கோடிங் (நோய்க்கும் சிகிச்சைக்கும் பில்லுக்கான குறியீடு போடுவது), ஏ.ஆர். காலிங் (வர வேண்டிய இன்ஷூரன்ஸ் பணத்தைப் போனில் கேட்பது), ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் டெஸ்க், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் என்று நோயாளியைத் தொடாமல் மருத்துவத்துறையில் பார்க்கும் வேலைகளுக்குச் சென்னையில் ஆள் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஹெச்.ஆர். கேட்கும் முதல் கேள்வி, "டிகிரி முடிச்சாச்சா, அரியர் ஏதாவது இருக்கா?" அந்த ஒரு கேள்வியை நம்பித்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடிகளில் டிகிரி விற்கும் ஒரு வியாபாரம் ஓடுகிறது.

பேச்சு எங்கேயும் ஒன்றுதான். "பழைய காலேஜை மறந்துடுங்க தம்பி. ஆறு மாசம் கோடிங் கிளாஸ். கூடவே டிகிரி, ஒரே சிட்டிங்ல எக்ஸாம். யு.ஜி.சி. அப்ரூவ்டு. ப்ளேஸ்மென்ட் எங்க பொறுப்பு." சுவரில் நாலைந்து சர்டிஃபிகேட் தொங்கும். கிட்டே போய்ப் படித்தால் ஒன்று ஐ.எஸ்.ஓ. தரச்சான்று, ஒன்று எம்.எஸ்.எம்.இ. (சிறுதொழில்) பதிவு, ஒன்று டிரஸ்ட் பதிவு. மூன்றுக்கும் டிகிரி கொடுக்கும் அதிகாரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அட்வான்ஸ் கட்டியதும் தரும் ரசீதைப் பொறுமையாகப் படியுங்கள். அதில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்காது. "டிரெய்னிங் அண்ட் டாக்குமென்டேஷன் சார்ஜஸ்" என்று இருக்கும், கீழே 18% ஜி.எஸ்.டி. சேர்த்திருப்பார்கள். சட்டப்படி அங்கீகாரம் பெற்ற டிகிரிக்குக் கல்வி நிறுவனம் வாங்கும் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, தனியார் கோச்சிங்குக்குத்தான் 18%. ஆக, நீங்கள் கொடுத்தது டிகிரிக் கட்டணம் அல்ல என்பதை அவர்கள் பில்லே சொல்லிவிடுகிறது. நாளைக்குச் சண்டை வந்தால், "நாங்க டிரெய்னிங்தானே கொடுத்தோம்" என்று அந்தத் தாளையே நீட்டுவார்கள். பாதிப் பணம் ஜி.பே.யில் தனிநபர் பெயருக்கும் மீதி கையிலும் போயிருந்தால் அந்தத் தாளும் மிஞ்சாது.

ஆறு மாத டிகிரி ஏன் நடக்காது? மூன்றாண்டுப் படிப்பை வேகமாக முடிக்க யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) வழி விட்டிருப்பது உண்மைதான். ஆனால் அதிலும் ஐந்து செமஸ்டருக்குக் கீழே இறங்க முடியாது. அதுவும் சேர்ந்த பல்கலைக்கழகமே தன் மாணவருக்குத் தரும் சலுகை. மாடியில் இருக்கும் ஏஜென்ட் தருவதல்ல. "ஒரே சிட்டிங்" என்ற பேச்சுக்கு ஒரே அர்த்தம்தான்: பழைய தேதி போட்டு மார்க் ஷீட் அடிக்கப் போகிறார்கள்.

அடுத்த பொய், வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் "சென்னை ஸ்டடி சென்டர்". மாநிலப் பல்கலைக்கழகமோ தனியார் பல்கலைக்கழகமோ, தன் மாநில எல்லைக்கு வெளியே தொலைநிலைக் கல்வி மையம் நடத்த முடியாது. ஃப்ரான்சைஸ் கொடுப்பதற்கும் தடை இருக்கிறது. இக்னோ மாதிரி மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் கதை வேறு. முழு ஆன்லைன் டிகிரிக்கு எல்லை இல்லை, ஆனால் அதற்கு நடுவில் ஒரு மாடி ஆபீஸும் தேவையில்லை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. 2021-இல் வந்த தேசிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. கிளினிக்கல் கோடர், மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் எல்லாம் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கும் தொழில்கள். அதனால் "கரஸ்ல பி.எஸ்சி. மெடிக்கல் கோடிங்" என்று யாராவது விற்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். இந்த வேலைகளுக்குக் கரஸில் பி.காம்., பி.பி.ஏ. படித்தவர்களும் போகிறார்கள், டிகிரியின் பெயரில் "மெடிக்கல்" இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

சரிபார்க்க அரை மணி நேரம் போதும். யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் பல்கலைக்கழகம், படிப்பு, சேரும் செஷன் என்று மூன்றும் பொருந்துகிறதா பாருங்கள். பெயர் மட்டும் இருந்தால் போதாது. 2018 கடிதத்தைக் காட்டி இந்த வருஷம் சேர்ப்பது பழைய தந்திரம். பிறகு டெப் ஐடி, அதாவது அந்தத் தொலைநிலைக் கல்விப் பிரிவின் மாணவர் எண். தொலைநிலை, ஆன்லைன் சேர்க்கைக்கு இப்போது அது கட்டாயம். ஏ.பி.சி. ஐடியை (மாணவரின் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண்) வைத்து நீங்களே உருவாக்க வேண்டியது. "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்பவரிடம் ஆதார் ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள்.

பழைய தேதி மார்க் ஷீட் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் வெடிக்கும். கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பு ஏஜென்சி பதிவு எண்ணைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு நேரடியாக அனுப்பும். அங்கே பதிவு இல்லையென்றால் வேலை போவதோடு முடியாது. போலி ஆவணத்தைத் தெரிந்தே உண்மையானதாகக் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா (குற்றவியல் சட்டம்) 340-ஆம் பிரிவில் வரும் குற்றம். விற்றவனோடு சேர்த்து, வாங்கி நீட்டியவரும் மாட்டுவார்.

சரி, கோடிங் கிளாஸாவது உருப்படியா? அதற்கு ஒரு சின்னப் பரீட்சை உண்டு. அவர்கள் தரும் நோட்ஸில் 99201 என்ற அமெரிக்க பில்லிங் கோடு இருக்கிறதா தேடுங்கள். புது நோயாளியின் ஓ.பி. விசிட்டுக்கு இருந்த அந்த கோடு 2021-இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஓ.பி. விசிட்டுக்கு லெவல் (விசிட் எவ்வளவு சிக்கலானது என்ற படி) போடும் முறையே மாறி, மருத்துவ முடிவெடுப்பு அல்லது நேரம் என்றானது. 2023-இல் ஆஸ்பத்திரி விசிட்டுகளுக்கும் அதுவே வந்தது. ஹிஸ்டரி, எக்ஸாம் என்று புள்ளி எண்ணி லெவல் போட இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றால், அது பல வருஷத்துக்கு முந்தைய ஜெராக்ஸ். நோய்களுக்கான ஐ.சி.டி.-10-சி.எம். கோடுகள் அக்டோபர் 1-இலும், சிகிச்சைகளுக்கான சி.பி.டி. கோடுகள் ஜனவரி 1-இலும் ஆண்டுதோறும் மாறும். பழைய பதிப்பைப் புத்தக விலைக்கு விற்பது தனிக் கொள்ளை.

"சி.பி.சி. சர்டிஃபிகேட் உண்டு" என்றால் யார் கொடுப்பது என்று கேளுங்கள். அது மெடிக்கல் கோடருக்கான தகுதிச் சான்று, அந்தத் தேர்வை நடத்துவது அமெரிக்காவின் ஏ.ஏ.பி.சி. என்ற அமைப்பு. 100 கேள்வி, 4 மணி நேரம், 70% எடுத்தால் பாஸ். டிகிரி கட்டாயமில்லை, டிகிரி கேட்பது கம்பெனிதான். மெம்பர்ஷிப் உங்கள் மெயில் ஐடியில், உங்கள் பாஸ்வேர்டில் இருக்க வேண்டும். இன்ஸ்டிடியூட் மெயிலில் திறந்திருந்தால் பிணைக்கைதி நீங்கள்தான். பாஸானாலும் அனுபவம் இல்லாதவருக்குச் சர்டிஃபிகேட் பெயரின் பின்னால் "ஏ" (அப்ரன்டிஸ்) ஒட்டியே வரும். அதை எடுக்க வேலை அனுபவம் காட்ட வேண்டும். இதை எந்தக் கவுன்சலரும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

"வட்டியில்லா இ.எம்.ஐ." என்பது உங்கள் பெயரில் எடுக்கும் கடன். பணம் இன்ஸ்டிடியூட்டுக்கு மொத்தமாகப் போய்விடும். கிளாஸ் நின்றாலும் தவணை நிற்காது, சிபில் கெடும். டிஜிட்டல் கடனில் அபராதமில்லாமல் விலக குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு. எத்தனை நாள் என்பது கடன் கொடுப்பவர் தரும் முக்கிய விவரத் தாளில் இருக்கும். அன்றிரவே படித்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டியவர்களுக்கு: ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைப் பிடித்துவைக்க உண்மையான கல்லூரிக்கே உரிமை இல்லை என்பது யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்பு. மாடி ஆபீஸுக்கு எங்கிருந்து வரும்? விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் வாக்குறுதி, வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் எடுத்துவைத்து, பதிவுத் தபாலில் பணம் திருப்பிக் கேட்டு எழுதுங்கள். பிறகு 1915-இல் நுகர்வோர் உதவி மையம், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை, வழக்கை 2 ஆண்டுக்குள் போட வேண்டும். போலி மார்க் ஷீட் கைக்கு வந்திருந்தால் அதை எங்கும் கொடுக்காமல் வக்கீலோடு போலீஸுக்குப் போங்கள்.

அரியர்தான் பிரச்சினை என்றால் வழி உங்கள் பழைய பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சென்னைப் பல்கலை என்றால் சேப்பாக்கம், அண்ணா பல்கலை என்றால் கிண்டி. ஹால் டிக்கெட், எல்லா செமஸ்டர் மார்க் ஷீட் நகலோடு தேர்வுப் பிரிவுக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: என் பேட்சுக்குக் கால வரம்பு எப்போது முடிகிறது, முடிந்திருந்தால் சிறப்பு வாய்ப்பு அறிவிப்பு உண்டா, சிலபஸ் மாறியிருந்தால் என் பேப்பருக்குச் சமமான பேப்பர் எது. மூன்றாவதைக் கேட்காமல் பழைய புத்தகத்தைப் படித்துவிட்டு ஹாலில் உட்காருகிறவர்கள் நிறைய. பதிலை வாய்வார்த்தையாக வாங்காமல், பேப்பர் கோடோடு எழுதி வாங்குங்கள்.