முன்பக்கத் திரையைவிடப் பின்பக்க மூடி முக்கியம்: நீடித்து உழைக்கும் மின்னூல் வாசிப்பானைத் தேர்ந்தெடுத்தல்

மின்னூல் வாசிப்பான்களுக்கு எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் திரையின் தெளிவையும் பக்கம் புரளும் வேகத்தையும் அளந்து மதிப்பெண் இடுகின்றன. ஆனால் கிண்டில், கோபோ, பாக்கெட்புக் என எந்தப் பெயரில் வாங்கினாலும் உள்ளே இருக்கும் திரை அநேகமாக இ-இங்க் என்ற ஒரே நிறுவனத்தின் தயாரிப்புதான். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது ஆறு அங்குலக் கருவிகளிலும் வழக்கமாகிவிட்டதால், கடையில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. அது தெரியவர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். எழுத்தைக் காட்டுவதற்கு ஆண்டுதோறும் வேகமான சிப் தேவையில்லை. 2013ஆம் ஆண்டில் அறிமுகமான, இ-இங்கின் கார்ட்டா வகைத் திரையில் இன்றும் ஒரு நாவலைக் குறையின்றிப் படிக்கலாம். கைப்பேசியைப் போலச் சீக்கிரம் பழசாக வேண்டிய கட்டாயம் இந்தக் கருவிக்கு இல்லை என்பதால், எவ்வளவு காலம் உழைக்கும் என்பதையே முதல் அளவுகோலாக வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

திரையிலிருந்து தொடங்கலாம். இ-இங்க் திரைக்குள் நுண்குமிழ்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட வெள்ளை, கறுப்பு நிறமித் துகள்கள் மிதக்கின்றன. மின்னழுத்தம் தரும்போது ஏதேனும் ஒரு நிறம் மேலே வந்து நிற்கிறது, மின்சாரம் நின்ற பின்னும் அங்கேயே இருக்கிறது. இந்த அடுக்கு எளிதில் தேய்வதில்லை. முந்தைய பக்கத்தின் நிழல் மங்கலாகத் தெரிவதைக் கண்டு திரை கெட்டுவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். திரை முழுவதையும் ஒருமுறை புதுப்பித்தால் அந்த நிழல் மறைந்துவிடும். உண்மையான பலவீனம் அதற்கும் கீழே, மின்சுற்றைத் தாங்கி நிற்கும் மெல்லிய கண்ணாடித் தகட்டில் இருக்கிறது. மேற்பரப்பில் ஒரு கீறல்கூட இல்லாத நிலையிலும் அந்தத் தகடு உடைந்துபோகலாம். அப்போது திரையின் ஒரு பகுதி உறைந்து நிற்கும், அல்லது எந்தப் பக்கத்துக்குப் போனாலும் மாறாத கோடுகள் தோன்றும். அதை மாற்றும் செலவு புதுக் கருவியின் விலையை நெருங்கிவிடும். பயனர் தரப்பில் நேர்ந்த உடைவை உத்தரவாதமும் பொதுவாக ஏற்பதில்லை.

கருவி கீழே விழுந்து உடைவதைப் போலவே, பைக்குள் சாவிக்கொத்துக்கும் தண்ணீர்ப் புட்டிக்கும் நடுவே சிக்கி, ஒரே புள்ளியில் அழுத்தம் தாங்காமல் உடைவதும் சாதாரணம். ஆகவே துணிப்பை போன்ற மென்மையான உறைகள் கீறலைத் தடுக்குமே தவிர அழுத்தத்தைத் தடுக்கா. முன்பக்கம் விறைப்பான அட்டை உள்ள, புத்தகம் போல மூடும் உறையே வேண்டும். கண்ணாடிக்குப் பதிலாக வளையும் பிளாஸ்டிக் தகட்டில் அமைந்த மோபியஸ் என்ற திரை வகையும் உண்டு. சோனியின் 13.3 அங்குல டிபிடி-எஸ்1 கருவியிலும், 2018இல் வந்த கோபோ ஃபார்மாவிலும் அது இடம்பெற்றது. எடை குறைவு, உடையும் அபாயமும் குறைவு என்ற இரட்டைப் பயன் இருந்தும், விலை குறைந்த சிறிய கருவிகளில் அது பரவவில்லை என்பது எனக்கு வருத்தமே. பெரிய திரை வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும், ஏனெனில் பரப்பு கூடக் கூடக் கண்ணாடித் தகடு வளைந்து முறியும் வாய்ப்பும் கூடுகிறது.

பேட்டரியைப் பற்றி விளம்பரங்கள் சொல்வது வாரக்கணக்கு. அந்தக் கணக்கின் அடிப்படையைச் சிறிய எழுத்தில் தேடிப் படிக்க வேண்டும்: கம்பியில்லாத் தொடர்பை அணைத்துவிட்டு, திரை விளக்கைக் குறைந்த அளவில் வைத்து, நாளொன்றுக்கு அரை மணி நேரம் படித்தால் என்பதே கிண்டிலைத் தயாரிக்கும் அமேசான் கொள்ளும் அளவு. நாள்தோறும் இரண்டு மணி நேரம் படிப்பவர் அதை நான்கால் வகுத்துக்கொள்ளலாம். எப்படியும் ஆண்டுக்குச் சில பத்துத் தடவைகளுக்கு மேல் சார்ஜ் செய்ய நேராது. லித்தியம் பேட்டரிகள் சில நூறு முழுச் சுற்றுகள் தாங்கக்கூடியவை என்பதால், படிப்பதால் மட்டும் அது சீக்கிரம் தேய்ந்துவிடாது. அதைக் கொல்வது வெப்பமும் புறக்கணிப்பும்தான். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டுச் செல்வது ஒருவகை. முற்றிலும் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கவிடுவது இன்னொரு வகை; மீண்டும் சார்ஜ் ஏறாமலே போகும் பேட்டரிகளில் பல இப்படிப் பட்டினி கிடந்தவையே. நெடுநாள் எடுக்கப்போவதில்லை என்றால் பாதியளவு சார்ஜுடன் முழுமையாக அணைத்து வைப்பது நல்லது.

எவ்வளவு பேணினாலும் பேட்டரி ஒருநாள் ஓயும். அன்று பின்பக்க மூடியைத் திறக்க முடியுமா என்ற கேள்விதான், என் கணிப்பில், வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி. கோபோ நிறுவனம் 2024ஆம் ஆண்டு கிளாரா பிடபிள்யூ, கிளாரா கலர், லிப்ரா கலர் ஆகியவற்றை வெளியிட்டபோது, பழுது பார்க்கும் வழிகாட்டிகளுக்குப் பெயர்பெற்ற ஐஃபிக்ஸிட் நிறுவனத்துடன் கைகோத்து, உதிரிப் பாகங்களும் செய்முறை விளக்கங்களும் பயனருக்கே கிடைக்க ஏற்பாடு செய்தது. மற்ற நிறுவனங்களின் கருவிகளைத் திறக்கவே முடியாது என்பதில்லை; ஆனால் பசையிட்டு ஒட்டிய மூடியைச் சூடாக்கிப் பிரித்து, பொருத்தமான பேட்டரியைத் தேடிப் பிடிப்பது துணிச்சலும் பொறுமையும் உள்ளவர்களுக்கான வேலை.

தண்ணீர் புகாத தன்மைக்குத் தரப்படும் முக்கியத்துவம் சற்று மிகை என்றே நினைக்கிறேன். தண்ணீரைத் தாங்கும் தரத்தைக் காட்டும் ஐபிஎக்ஸ்8 என்ற குறியீட்டில் உள்ள எக்ஸ், தூசிக்கான தரம் குறிப்பிடப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. 2018 முதல் கிண்டில் பேப்பர்வைட்டுக்குச் சொல்லப்படும் இரண்டு மீட்டர் ஆழம், 60 நிமிடம் என்ற அளவு நன்னீருக்கு உரியது. உப்புநீருக்கும் சோப்பு நீருக்கும் அதே உறுதியை எதிர்பார்க்கக் கூடாது. காப்புப் பசையும் காலப்போக்கில் தளரும். குளியல் தொட்டியிலோ கடற்கரையிலோ படிக்கும் பழக்கம் உள்ளவருக்கு இது தேவைதான். மற்றவர்களுக்கு, மழையில் நனைந்த பை, மேசையில் கவிழ்ந்த குவளை ஆகிய இரண்டுக்கும் எதிரான காப்பீடு என்ற அளவில் மதித்தால் போதும்.

சார்ஜ் செருகும் துளை யூஎஸ்பி-சி வகையாக இருக்க வேண்டும் என்பதில் விவாதமே இல்லை. பழைய மைக்ரோ யூஎஸ்பி துளைகள் தளர்ந்துபோவது அனைவரும் அறிந்தது. ரப்பர் போன்ற மேற்பூச்சு உள்ள பின்பக்கங்கள் சில ஆண்டுகளில் பிசுபிசுக்கத் தொடங்கும் என்பதால் வெறும் பிளாஸ்டிக்கே மேல்.

உடல் திடமாக இருந்தும் கருவி பயனற்றுப் போகும் வழி மென்பொருள். 2022 ஆகஸ்டில் அமேசான் தன் பழைய கிண்டில்கள் சிலவற்றிலிருந்து நேரடியாகக் கடைக்குள் நுழைந்து நூல் வாங்கும் வசதியை நிறுத்தியது. 2025 பிப்ரவரி 26 அன்று, வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியே ஏற்றும் வசதியும் நீக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையையே மூடியபோது, வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது, நூல்கள் போயின. இவற்றிலிருந்து நான் வகுத்துக்கொண்ட சோதனை எளியது: இணையத்தையும் கணக்கையும் துண்டித்துவிட்டு, கணினியில் உள்ள ஓர் இபப் கோப்பை (மின்னூல்களுக்கான பொதுக் கோப்பு வகை) கம்பி வழியே ஏற்றிப் படிக்க முடிகிறதா? கோபோவும் பாக்கெட்புக்கும் கணினியில் செருகியதும் ஒரு சேமிப்பு வட்டாகத் தோன்றி இபப் கோப்பை அப்படியே திறக்கின்றன. கிண்டிலில் கம்பி வழியே ஏற்றிய இபப் கோப்பு திறக்காது. காலிபர் போன்ற இலவச மென்பொருளால் மாற்றி ஏற்றலாம், அல்லது அமேசானின் சேவைக்கு அனுப்பி அதன் வழியாகப் பெறலாம். அந்த இரண்டாவது வழி அமேசான் அனுமதிக்கும் வரைதான்.

ஓனிக்ஸ் பூக்ஸ் போன்ற ஆண்ட்ராய்டு கருவிகள் எந்தச் செயலியையும் நிறுவ இடம் தருவதால் முதல் பார்வையில் கவர்கின்றன. ஆனால் ஆண்ட்ராய்டின் பதிப்பு பழசாகும்போது செயலிகள் ஒவ்வொன்றாக ஆதரவை விலக்கிக்கொள்ளும். கைப்பேசியின் நோய் இங்கும் ஒட்டிக்கொள்கிறது. மாறாக, கேஓரீடர் என்ற கட்டற்ற வாசிப்பு மென்பொருள் கோபோ, பாக்கெட்புக் கருவிகளில் இயங்குவதால், நிறுவனம் கைவிட்ட பின்னும் பழைய கருவிக்குப் புது வசதிகள் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. தமிழில் படிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் சரியாக அமர்கின்றனவா, விருப்பமான எழுத்துருவைச் சேர்க்க முடிகிறதா என்று ஒரு பக்கத்தையாவது திறந்து பார்த்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும்.

வண்ணத் திரை பற்றி ஒரு சொல். கலைடோ 3 திரையில் கறுப்பு வெள்ளை எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளிகளாகவும் வண்ணம் 150 புள்ளிகளாகவும் தெரிகிறது. மேலே உள்ள வண்ண வடிகட்டியால் பின்னணி சற்று இருண்டு போவதால் விளக்கைக் கூட்ட வேண்டியிருக்கிறது, பேட்டரியும் அதற்கேற்ப வேகமாகக் குறைகிறது. படக்கதைகளும் வரைபடங்களும் படிக்காதவருக்கு இது வீண் சுமை.

இவை அனைத்தையும் வைத்துப் பார்த்தால் கோபோ கிளாரா பிடபிள்யூவுக்கே என் முதலிடம்: ஆறு அங்குலக் கார்ட்டா 1300 திரை, ஐபிஎக்ஸ்8 காப்பு, யூஎஸ்பி-சி, திறக்கக்கூடிய உடல், கடையைச் சாராமல் இயங்கும் தன்மை ஆகியவை ஒரே கருவியில் அமைந்திருக்கின்றன. பக்கம் புரட்டப் பொத்தான் வேண்டுமென்போர் பாக்கெட்புக் வெர்ஸ் புரோவைப் பார்க்கலாம். அது ஏற்கும் கோப்பு வகைகளும் மிகுதி. கிண்டில் பேப்பர்வைட்டின் கட்டுமானத்தில் நான் குறை காணவில்லை. ஏற்கெனவே நூற்றுக்கணக்கான நூல்களை அங்கே வாங்கி வைத்திருப்பவர் அதையே வாங்குவது நியாயம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பழைய கருவியை இரண்டாம் கையாக வாங்குவதும் நல்ல தேர்வே. முழு வெள்ளைப் பக்கத்தையும் முழுக் கறுப்புப் படத்தையும் திறந்து கோடுகள் இருக்கின்றனவா என்று பார்த்து, முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டிருப்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும், ஏனெனில் வேறொருவர் கணக்கில் பூட்டப்பட்ட கருவியை மீட்பது சிக்கலாகலாம்.