கடலைத் தோலை எங்கே போடுவது?

சிங்கப்பூரை விட்டு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் குடியேறி ஏழு வருஷம் ஆகிறது. ஊருக்கு வந்தால் தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) பிரியாணி, அம்மா வீட்டில் தூக்கம், அவ்வளவுதான் என் பயணம். இந்தத் தடவை சித்தப்பா மகன் விடவில்லை. "அண்ணே, நீங்க போனப்புறம் ராத்திரி ஊரே மாறிப்போச்சு" என்று மூன்று இரவுகளுக்குத் திட்டம் போட்டு வைத்திருந்தான்.

முதல் இரவு, பழைய கடைவீடு ஒன்றில் பெயர்ப்பலகையே இல்லாத மதுக்கூடம். கதவைக் கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டாம். உள்ளே என் கை எனக்கே தெரியாத இருட்டு. மெனுவுக்குக் கைபேசியில் கியூஆர் கோடு. ஒன்றரை மணி நேரத்தில் மேசையைக் காலி செய்ய வேண்டும், குழாய்த் தண்ணீருக்கும் காசு. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் கவனம்: 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கிளாஸுக்கு முதலில் 10% சேவைக் கட்டணம், அந்த 22 வெள்ளியின் மேல் 9% பொருள் சேவை வரி, ஆக 23.98 வெள்ளி. நான் ஊரை விட்டுப் போனபோது வரி 7 சதவீதம். சேவை செய்தது என் கைபேசி, கட்டணம் அவர்களுக்கு.

இரண்டாம் இரவு ராஃபிள்ஸ் ஹோட்டல் லாங் பார். சுற்றுலாப் பயணிகள்தான் போவார்கள் என்று இத்தனை காலம் ஒதுக்கி வைத்திருந்தேன். சிங்கப்பூர் ஸ்லிங் என்ற காக்டெயில் பிறந்த இடம். 1915இல் அங்கே வேலை பார்த்த ஹைனான் சீனர் ஒருவர் கலந்தது என்பார்கள். எனக்கு அது இருமல் மருந்துதான். ஆனால் மேசை மேல் சாக்குப் பை நிறைய வேர்க்கடலை. உரித்துத் தோலைத் தரையிலேயே போடலாம். குப்பைக்கு அபராதம் கட்டும் ஊரில் வளர்ந்தவனுக்குக் கை வரவில்லை. முதல் பத்துத் தோலைச் சட்டைப் பையில் போட்டேன். தம்பி சிரித்தே செத்தான்.

கம்போங் கிளாமில், பாலி லேனில் இருக்கும் ப்ளூ ஜாஸ் கஃபேயை எட்டிப் பார்க்கத்தான் நேரம் இருந்தது. சுவரெல்லாம் வண்ணம், சாவகாசமான கூட்டம்.

மூன்றாம் இரவு தேக்கா. அங்கே 2013 டிசம்பரில் நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டப்படி, சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணிவரை அந்த வட்டாரத்தில் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. உரிமம் உள்ள கடைக்குள் போய்த்தான் ஆக வேண்டும். நாங்கள் போன பப்பில் பாட்டுக்குழு நன்றாகத்தான் பாடியது, எண்பதுகளின் பாட்டுகள். கோழி 65 சூடாக வந்தது. ஆனால் ஒலிபெருக்கி வைத்த சத்தத்தில், சித்தப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதற்குத் தம்பி "பத்து வெள்ளி" என்றான்.

கடைசி இரவு அவனிடம் திட்டம் தீர்ந்துபோனது. சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் இரண்டாம் மாடிக்குப் போனோம். இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள் கொண்ட உணவங்காடி நிலையம். அதற்குள்ளேயே ஒரு கடையில் கிராஃப்ட் பீரை (சிறு ஆலைகளில் காய்ச்சுவது) குழாயிலிருந்து ஊற்றித் தருகிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, மேலே மின்விசிறி, சுடச்சுட சார் குவே தியாவ் என்ற வறுத்த அரிசி நூடுல்ஸ், பக்கத்துக் கடையில் குச்சியில் சுட்ட இறைச்சியான சாத்தே. சேவைக் கட்டணம் கிடையாது. இசை? அடுத்த மேசை அங்கிளின் கைபேசியில் ஏதோ பழைய ஹொக்கியன் (சீன மொழி) பாட்டு, இரண்டு வரிக்கு ஒருமுறை அவரும் கூடவே பாடினார். சீக்கிரம் போங்கள், சாப்பாட்டுக் கடைகள் பல எட்டு மணிக்கே மூட ஆரம்பித்துவிடும்.

சித்தப்பாவின் முழங்கால் அறுவை சிகிச்சை பற்றி அங்கேதான் முழுதாகக் கேட்டேன். தம்பி எனக்கு ஃபோன் பண்ணாததற்குக் காரணமும் சொன்னான்.

கிளம்பும்போது தட்டை அப்படியே விட்டு எழுந்தேன். "அண்ணே, 2021லேருந்து நாமதான் எடுத்து வைக்கணும், இல்லாட்டி அபராதம்" என்றான் தம்பி. தட்டோடு வரிசையில் நின்றபோது சட்டைப் பை கனத்தது. ராஃபிள்ஸ் கடலைத் தோல் இன்னும் அதிலேயே இருந்தது.