சிமெண்ட் கலவையா, டைல்ஸ் பசையா? டெல்டா வீட்டுக்கு எது நிற்கும்

சித்திரை வெயில். மதியம் மூன்று மணி இருக்கும். மன்னார்குடி பக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தேங்காய் உடைத்ததுபோல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் நடுக்கூடத்தில் ஆறு டைல்ஸ் கூரை முகடு மாதிரி எழும்பி நிற்கின்றன. போட்டு நான்கு வருடம்கூட ஆகவில்லை. ஒன்றைக் கையால் தூக்கினேன், தட்டைத் தூக்குவதுபோல வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. பின்பக்கம் கம்பெனியில் அச்சடித்த அம்புக்குறியும் கோடுகளும் புதுசு போலவே இருந்தன. ஒரு பொட்டுச் சிமெண்ட்கூடப் பிடிக்கவில்லை.

அந்த ஆறு டைல்ஸை மாற்றும்போது தொடங்கிய கேள்விதான் இது: சிமெண்ட் கலவையில் ஒட்டுவதா, மூட்டையில் வரும் பசையில் ஒட்டுவதா?

மேஸ்திரிகளிடம் கேட்டால் பாதிப் பேர், "சிமெண்டுக்கு மிஞ்சினது எது சார்? எங்கப்பா காலத்திலேர்ந்து இதுலதான் ஒட்டுறோம்" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. அவர்கள் அப்பா காலத்தில் ஒட்டியது மொசைக் ஓடும், சிமெண்ட் ஓடும், குளியலறைச் சுவருக்கான சின்னச் சின்ன செராமிக் டைல்ஸும். இவையெல்லாம் தண்ணீர் குடிக்கும் சாதி. சுவர் செராமிக் டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சும். அதை ஊறவைத்துச் சிமெண்டில் பதித்தால், சிமெண்ட் பால் அதன் துளைகளுக்குள் இறங்கி இறுகிக்கொள்ளும். இன்றைக்குக் கூடத்துக்கு நாம் வாங்கும் 2-க்கு 2, 2-க்கு 4 அடி விட்ரிஃபைடு டைல்ஸ் உறிஞ்சுவது அரை சதவீதம் அல்லது அதற்கும் கீழே. சிமெண்ட் பிடிக்க அதில் துளையே இல்லை. டைல்ஸ் மாறிவிட்டது, ஒட்டும் முறை மட்டும் மாறவில்லை. எங்கள் கூடத்தில் நடந்தது அதுதான்.

கடையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். டைல்ஸைத் திருப்பிவைத்து நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு உள்ளே இறங்கிக் கறை போலப் பரவினால் கலவைக்குச் சரிவரும். கண்ணாடிமேல் நிற்பதுபோல நின்றால் பசைதான்.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் பசையே போதுமா? டெல்டாவில் அப்படிச் சொல்லிவிட முடியாது. பசையை 3 முதல் 6 மில்லிமீட்டர் கனத்தில்தான் தடவ வேண்டும். கீழே தளம் மேடுபள்ளம் இல்லாமல் இருந்தால்தான் அது வேலை செய்யும். 6 அடி மட்டப்பலகை வைத்தால் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது. கலவை அப்படியில்லை. ஒன்றிரண்டு அங்குலம் போடுவதால் தளத்தின் கோணலை அதுவே விழுங்கிக்கொள்ளும். பள்ளத்தைப் பசையால் நிரப்பி மட்டம் பார்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள். கனமாகப் போட்ட பசை காயும்போது சுருங்கும், டைல்ஸின் மூலை கீழே இறங்கும். மூட்டையும் இரண்டு மடங்கு செலவாகும்.

அதனால் கீழ்த்தளத்துக்கு நான் பார்த்தவரையில் நிற்பது இரண்டும் சேர்ந்த முறை. முதலில் சிமெண்ட் கலவையால் தளத்தை மட்டமாகப் போட்டுவிட வேண்டும். ஒரு வாரம் தண்ணீர் கட்டி, நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் பசையில் டைல்ஸ் ஒட்ட வேண்டும். நாளும் கூலியும் கூடத்தான் ஆகும். சுவருக்கு, மாடிக்கு, பழைய சிவப்பு ஆக்சைடு தரைமேலோ மொசைக்மேலோ ஒட்டுவதற்கு யோசிக்கவே வேண்டாம், நேராகப் பசை. பழைய தரைமேல் கலவை போட்டால் தரை இரண்டு அங்குலம் ஏறும், வீட்டிலுள்ள கதவையெல்லாம் கழற்றி அடியில் அறுக்க வேண்டியிருக்கும்.

குளியலறைத் தரையில் மட்டும் கலவையின் கை ஓங்குகிறது. அங்கே வாட்டம் வேண்டும், 8 அடிக்கு 1 அங்குலமாவது. அதைப் பசையில் கொண்டுவர முடியாது. வாட்டத்தைக் கலவையில் எடுத்து, அதன்மேல் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கி ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு பசையில் டைல்ஸ். தேக்கிப் பார்க்கிற அந்த ஒரு நாளைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இனி மண். இதைச் சொல்லாமல் டெல்டாவில் டைல்ஸ் பேசுவதில் அர்த்தமில்லை. நம் வயல் களிமண் கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் உப்பும். ஐப்பசி மழையில் இன்னும் ஊறும். கையில் இருக்கிறதே என்று இந்த மண்ணையே வெட்டிப் பேஸ்மட்டத்துக்குள் கொட்டி, மேலே தளம் போட்டு டைல்ஸ் ஒட்டினால், எந்தப் பசையும் காப்பாற்றாது. மூட்டை விலை எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் சரி. சுவரோரம் தரை இறங்கி, சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டைக்குக் கீழே விரல் அளவு சந்து விழுந்த வீடுகளைத் திருவாரூர் பக்கம் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆற்று மணலோ சவுடோ அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கி, முடிந்தால் ஒரு மழைக்காலம் அப்படியே விட்டு, பிறகு ஜல்லித் தளம் போடுங்கள். பட்ஜெட் இடிக்கிறதென்றால் டைல்ஸின் விலையைக் குறைத்துக்கொள்ளலாம். இதில் குறைக்காதீர்கள்.

கலவை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது தண்ணீரும்கூட. நாகை, வேதாரண்யம் கடலோரத்தில் உப்புத் தண்ணீரில் குழைத்த கலவை, ஜாயிண்ட் வழியாக வெள்ளை வெள்ளையாகப் பூத்துக்கொண்டே இருக்கும். எத்தனை ஆசிட் ஊற்றிக் கழுவினாலும் மறுபடி வரும்; ஆசிட் ஜாயிண்டைத் தின்பதுதான் மிச்சம்.

பசையிலும் ஏமாற இடமுண்டு. மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர எண்ணும் அதன்கீழ் டைப் எதுவென்றும் பாருங்கள்; ஐந்து டைப் உண்டு. உள்தரையில் சாதா செராமிக்குக்கான டைப் 1-ஐ வாங்கி 2-க்கு 4 விட்ரிஃபைடு ஒட்டக்கூடாது. டைல்ஸை ஊறவைக்கவும் கூடாது. கலவைப் பழக்கத்தில் தொட்டியில் போட்டுவிடுவார்கள், கூடவே நின்று தடுக்க வேண்டும். விரித்த பசைக்குச் சுமார் இருபது நிமிடம்தான் ஆயுள், நம் சித்திரை, வைகாசிக் காற்றில் அதுவும் குறையும். விரலால் தொட்டால் ஒட்டாமல் தோல் கட்டியிருந்தால் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாக விரிக்க வேண்டும். மேலே தண்ணீர் தெளித்து ஒப்பேற்றுவது உதவாது.

இன்னொன்று, புள்ளி வைத்து ஒட்டுவது. டைல்ஸின் பின்னால் நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை வைத்துச் சுவரில் அழுத்திவிடுவார்கள். வேகமாக முடியும். பின்னால் வெற்றிடம் முழுக்கத் தண்ணீரும் எறும்பும் குடியேறும். டவல் கம்பிக்குத் துளை போட்ட அன்று டைல்ஸ் விரிசல் விடும். பல் கரண்டியால் ஒரே திசையில் கோடிழுத்து, பெரிய டைல்ஸ் என்றால் அதன் முதுகிலும் மெல்லத் தடவித்தான் ஒட்ட வேண்டும். முதல் வரிசையில் ஒன்றை உடனே பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளறையில் 80 சதவீதமாவது, குளியலறையில் 95 சதவீதமாவது பசை படிந்திருக்க வேண்டும். மேஸ்திரி முகம் சுளிப்பார். பரவாயில்லை.

எங்கள் கூடம் எழும்பியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஜாயிண்டே தெரியக்கூடாது என்று நாங்கள்தான் கேட்டோம். முட்ட முட்ட ஒட்டிச் சுவரோடு சேர்த்து இறுக்கிவிட்டார்கள். வெயிலில் விரிய இடமில்லாமல், அடியில் பிடிப்பும் இல்லாமல் மேலே கிளம்பிவிட்டது. இப்போது ஸ்பேசர் வைத்து 2 மில்லிமீட்டர் ஜாயிண்ட் விட்டிருக்கிறோம். சுவரோரம் சுண்டுவிரல் நுனி அளவு சந்து. ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடுகிறது. ஜாயிண்டுக்கு ஒயிட் சிமெண்ட் வேண்டாம், நாலு மாதத்தில் அழுக்கேறிக் கொட்டும். அறைகளுக்கு ஜாயிண்டை அடைக்கும் சாதாரண கிரவுட், சமையலறை மேடைக்கும் குளியலறைக்கும் எபாக்ஸி கிரவுட்.

மாற்றிய ஆறு டைல்ஸும் பழையதோடு நிறம் சேரவில்லை. அதே கம்பெனி, அதே மாடல்தான், பெட்டிமேல் போட்டிருந்த ஷேடு எண் வேறு. வெளிச்சம் சாய்வாக விழும் காலை நேரத்தில் தனியாகத் தெரிகிறது. பின்கட்டுக்கு டைல்ஸ் எடுத்தபோது எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்தானா என்று பார்த்துத்தான் வண்டியில் ஏற்றினேன். ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் வைத்திருக்கிறேன்.