ஸ்லீப் போடுவதா, வரிசையைக் கலைப்பதா?

லினக்ஸில் ஒரு கோப்புறையைக் கண்காணித்து, மாறிய கோப்புகளை வேறு இடத்துக்கு நகலெடுக்கும் பின்னணிச் சேவை. மாற்றங்களைச் சொல்வது கர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) ஐநோட்டிஃபை என்ற வசதி. கோப்பின் பெயரை மாற்றினால் ‘மூவ்டு ஃப்ரம்’, ‘மூவ்டு டூ’ என இரண்டு நிகழ்வுகள் ஒரே குக்கி எண்ணோடு (இரண்டும் ஜோடி எனக் காட்டும் அடையாள எண்) வரும். பெரும்பாலும் அடுத்தடுத்து வரும். ஆனால் உத்தரவாதம் இல்லை, நடுவில் வேறொன்று நுழையலாம். எங்கள் கோடோ அடுத்து வருவதுதான் ஜோடி என்று நம்பியிருந்தது. வேறொன்று நுழைந்தால் கோப்பு போய்விட்டதாக எண்ணி நகலை அழித்துவிடும்.

இந்தப் பிழையைப் பிடிக்க எழுதிய டெஸ்டில் முதலில் வைத்தது ஸ்லீப், அதாவது நிரலைச் சற்று நிறுத்தி வைக்கும் கட்டளை. பெயரை மாற்று, 2 விநாடி பொறு, நகல் இருக்கிறதா பார். எழுதுவது சுலபம், பயன் பூஜ்யம். அது காத்திருக்குமே தவிர, நிகழ்வுகள் வரும் வரிசையைத் தொடாது. டெஸ்ட் தோற்றால் 2-ஐ 5 ஆக்குவோம். அவ்வளவுதான்.

அடுத்தது அடித்து நொறுக்கும் டெஸ்ட்: பெயர் மாற்றம் நடக்கும்போதே பல திரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் இழைகள்) கோப்புகளை உருவாக்கித் தள்ளும். உண்மையான கர்னல் என்பதால் பக் எப்போதாவது தலைகாட்டும். திரும்ப வரவழைக்கத்தான் முடியாது. திரெட்கள் ஒரே தரவில் மோதுவதை (டேட்டா ரேஸ்) கண்டுபிடிக்கும் ரேஸ் டிடெக்டரும் உதவாது: நிகழ்வுகளைப் படிப்பது ஒரே திரெட், டேட்டா ரேஸ் எங்கே இருக்கிறது?

எனக்குப் பிடித்தது மூன்றாவது. கர்னலுக்குப் பதிலாக ஒரு போலி வரிசை, அதைக் கலைக்க ஒரு சீட் எண் (அதே எண்ணைக் கொடுத்தால் அதே கலைப்பு வரும்). தோற்ற சீட்டைக் கொடுத்தால் அதே பிழை அப்படியே திரும்ப வரும். ஆனால் முதலில் சொதப்பினேன். எல்லாவற்றையும் கலைத்தேன், 6 நிகழ்வுகளுக்கே 720 வரிசைகள். கோப்பு பிறக்கும் முன்பே அழிந்தது என்றெல்லாம் வந்தது. ஐநோட்டிஃபை நடந்த வரிசையில்தான் தரும் என்பதால் அவை வெறும் பேய் பக்குகள். அப்புறம், ஜோடிக்கு நடுவே வேறு கோப்பின் நிகழ்வை மட்டும் செருகினேன். உடனே சிக்கியது.

ஆனாலும் போலிக்கு நான் சொல்லிக்கொடுத்த விதிகள்தான் தெரியும். புதிய துணைக் கோப்புறைக்குக் கண்காணிப்பு போடுவதற்குள் உள்ளே கோப்புகள் வந்துவிட்டால், அவற்றுக்கு நிகழ்வே வராது. போலி இதைச் சத்தமில்லாமல் பாஸ் செய்தது. நொறுக்கும் டெஸ்ட்தான் காட்டிக்கொடுத்தது. கண்காணிப்பைப் போட்டதும் உள்ளே இருப்பதை ஒருமுறை பட்டியலிட்டுப் பார்ப்பதே தீர்வு.

இப்போது ஸ்லீப் எங்கும் இல்லை. போலி வரிசை ஒவ்வொரு கமிட்டுக்கும் (கோடில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றத்துக்கும்) ஓடுகிறது, நொறுக்கும் டெஸ்ட் இரவில் மட்டும்.